பக்கத்து வீட்டுக்கு ஆள் வந்தாச்சு

பீரோவ அந்தச் சுவரோட ஒட்டி வைக்காதீங்க யக்கா, ஓதம் அடிக்கும். ஒரு மழை பேஞ்சா போதும், சேலையெல்லாம் பூத்துப் போவும். இங்கிட்டு நகட்டுவோம், நான் ஒரு பக்கம் பிடிக்கேன். ஒங்க வீட்டுக்காரரு அடுத்த நடைக்கு வண்டியோட போயிட்டாரா? பெரிய பையனும் கூடப் போயிருக்கானா? அப்ப அவங்க வாறதுக்குள்ள நாம ரெண்டு பேருமே தள்ளிரலாம். ம், தூக்குங்க. அம்புட்டுத்தான். எனக்கு இதெல்லாம் ஒரு கனமா, உப்பு மூட்டை தூக்குன ஒடம்பு.

நான் பக்கத்து வீடு. பேரு சந்தனமாரி. ஊரு தூத்துக்குடிப் பக்கம், அளத்துல உப்பு வாருற வேல பார்த்தவ. திருப்பூருக்கு வந்து ஒரு வருசம் ஆவப்போவுது. பனியன் கம்பெனில பிசிறு வெட்டுதேன். நமக்கு நடுவுல இந்த ஒத்தைச் சுவருதான். நீங்க இங்கன தும்முனா எனக்கு அங்கன கேக்கும். ஏ பாப்பா, இங்க வா. ஒம் பேரு என்ன? பாருங்க, முந்தானைக்குள்ள ஒளியுதா. இருக்கட்டும், புது மூஞ்சி, பழகுனா சரியாயிரும்.

ஒங்ககிட்ட முதல்லயே ஒரு காரியம் சொல்லிருதேன் யக்கா. வாற வியாழக்கிழமை ஒரு மேடம் வருவாவ. பிள்ளையளுக்குன்னு கவர்மெண்டுல ஒரு கமிட்டி இருக்குல்லா, அதுல இருந்து. எம் மக இசக்கிப்பிரியா இப்ப அவங்க ஹோம்லதான் இருக்கா. அவள வீட்டுக்கு விடலாமா வேண்டாமான்னு அக்கம்பக்கத்துல விசாரிப்பாவ. இந்தக் காம்பவுண்டுல மத்தவளுவ ஒருத்தியும் எனக்காக வாயைத் தொறக்க மாட்டாளுவ. தொறந்தாலும் கேடாத்தான் சொல்லுவாளுவ. நீங்கதான் புதுசு, ஒங்களுக்கும் எனக்கும் ஒரு பகையும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி எப்படின்னு அந்த மேடம் கேட்டா, நல்ல மாதிரி, பிள்ளைய நல்லா வச்சுக்கிடுவான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அந்த ஒரு வார்த்தையிலதான் எம் மக வரணும்.

ஏன் ஹோம்ல இருக்கான்னு கேக்கீங்க. கேக்காம இருப்பீங்களா. குழாயடில நாலு பேரு நாலு விதமாச் சொல்லுறதுக்கு முன்ன நானே சொல்லிருதேன். நீங்க பாத்திரத்த அடுக்குங்க, நான் எடுத்துத் தாரேன்.

எங்க வீட்டுக்காரரு லாரில மூட்டை ஏத்துற ஆளு. குடிச்சா கை நீளும். கல்யாணமான புதுசுலயே நீண்டுச்சு. நானும் சும்மா இருக்க மாட்டேன், அவரு ரெண்டு போட்டா நான் ஒண்ணாவது போட்டுருவேன். அது புருசன் பொண்டாட்டி, சவம், அத விடுங்க. ஆனா ஒரு நாள் எம் மகன் பேச்சிமுத்துவத் தூக்கிச் சுவத்துல எறிஞ்சாரு. எட்டு வயசுப் பிள்ளை. சோறு தட்டுல வைக்க நேரமாச்சுன்னு அவரு கத்த, நான் பதிலுக்குப் பேசுனதுக்கு அவனைத் தூக்கி எறியுதாரு. எங்க அளத்துல வாருபலகைன்னு ஒண்ணு உண்டு, உப்ப இழுத்துக் குமிக்கிறதுக்கு, நீளக் கம்புல பலகை அடிச்சிருக்கும். அது வாசல்ல சாத்தி இருந்துச்சு. எடுத்தேன், தலைக்குத்தான் ஓங்குனேன், அவரு விலகுனாரு, தோள்ல எறங்குச்சு. எலும்பு முறியுற சத்தம் எனக்கே கேட்டுச்சு. அவரு ஆஸ்பத்திரில கட்டுப் போட்டுக் கிடக்கும்போது நான் ரெண்டு பிள்ளையளையும் கூட்டிக்கிட்டு பஸ் ஏறிட்டேன். எம் பிள்ளையள் மேல ஒருத்தன் கை படக்கூடாது யக்கா. அது ஒண்ணுதான் எனக்கு. அதுக்காகத்தான் ஊரு விட்டு ஊரு வந்தேன்.

இங்க வந்து இறங்குன அன்னைக்கே எங்கம்மா செய்யிறதத்தான் நானும் செஞ்சேன். எங்கம்மாவுக்குப் புருசன் கிடையாது, என்னைய இடுப்புல வச்சுக்கிட்டு இந்த அளத்துல இருந்து அந்த அளம்னு வேலைக்குப் போவா. புது அளத்துல கால் வச்ச அன்னைக்கே ஒருத்தியப் பார்த்து வச்சு அடிச்சிருவா. காரணமெல்லாம் வேண்டாம். ஆளும் யாரா இருந்தாலும் சரிதான். ஆம்பளை இல்லாதவ கைப்பிள்ளையோட வந்திருக்கான்னு தெரிஞ்சா ஊரு நம்மள மேஞ்சுரும்லா. முதல் நாளே கை நீட்டிட்டா பொறவு நம்ம வாசல் பக்கம் எவனும் எவளும் வரமாட்டாவ. இதுல இன்னொண்ணும் இருக்கு. அடி வாங்குனவ மறுநாள் வந்து திருப்பி அடிப்பா. ரெண்டு பேரும் மயித்தப் பிடிச்சு உப்புல உருளுவாளுவ. அதோட முடிஞ்சுது, அன்னைல இருந்து அவதான் கூட்டாளி. பேச்சித்தாய்னு ஒருத்தி, எங்கம்மா அவ காதுத் தோட்ட அறுத்துட்டா, அவ எங்கம்மா பல்ல ஒடைச்சா. எங்கம்மா செத்தப்ப மாரடிச்சு அழுதது அவதான். பெத்த மக நான்கூட அப்படி அழல.

ஒங்க ஊர்ல அப்படி இல்லையா? எங்க ஊர்லயும் எல்லாரும் அப்படி இல்ல. அளத்துக்காரியள் மட்டும்தான். சரி, அந்தக் குண்டாவ இங்க தாங்க.

நாங்க வந்தது நல்ல தண்ணி வாற நாளு. இங்க வாரத்துக்கு ஒருக்காத்தான் நல்ல தண்ணி, மத்த நேரம் போர்ல வாற உப்புத்தண்ணி. காம்பவுண்டுல எல்லாரும் குடத்த வரிசையா வச்சிருக்காளுவ. நான் என் குடத்தக் கொண்டு போயி கடைசில நிக்கேன், மனசுக்குள்ள ஒவ்வொருத்தியா அளந்துக்கிட்டே நிக்கேன், யாரப் போடலாம்னு. அப்ப ஒருத்தி முன்னால இருந்து நேரா எங்கிட்ட வந்தா. கனகமணின்னு பேரு. நீங்க இப்ப வந்திருக்க வீடு அவ இருந்த வீடுதான். வந்தவ என் குடத்து விளிம்பப் பிடிச்சு இழுத்தா. சாமியாப் பார்த்து ஆளக் காட்டிட்டாருன்னு நெனச்சேன். பித்தளைக் குடம் யக்கா, ஊர்ல இருந்து கொண்டு வந்தது. அப்படியே திருப்பி மூஞ்சில வச்சேன். உதடு கிழிஞ்சு, ஒரு பல்லு ஆடி, ரவிக்கையெல்லாம் ரத்தம். மயித்தப் பிடிச்சுக் குழாயோட சேத்து ஒரு முட்டு. அவ அடி வாங்கிக்கிட்டே கேக்கா, "ஏனுங்க்கா, எதுக்குங் அடிக்கறீங்க"ன்னு. அடி வாங்கும்போதும் ங்க போடுறா. எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரம்.

பொறவுதான் சொன்னாளுவ. இந்தக் காம்பவுண்டுல ஒரு வழக்கம் இருக்காம். புதுசாக் குடி வந்தவங்களுக்கு முதல் குடம் விட்டுக் குடுக்கணுமாம். பிள்ளையளோட வந்திருக்கா, முன்னால வந்து பிடிக்கட்டும்னு என் குடத்த எடுத்துட்டுப் போக வந்தாளாம். அத வாயைத் தொறந்து சொல்லணும்லா. சொல்லாம வந்து குடத்த இழுத்தா நான் என்னன்னு நெனைக்க. நீங்களே சொல்லுங்க.

ஆனா ஒண்ணு, பலன் தெரிஞ்சுது. அதுக்குப் பொறவு நான் குழாய்க்குப் போனா எல்லாவளும் விலகி வழி விடுவாளுவ. என் குடம் நெறையுற வரைக்கும் ஒருத்தி மூச்சு விட மாட்டா. அம்புட்டு மரியாதை. ஓனரம்மாகூட வீட்டு விசயம் எதுன்னாலும் எங்கிட்ட போன்லதான் பேசுவா, நேர்ல வரமாட்டா.

மறுநாள் நான் காத்துக்கிட்டு இருந்தேன், கனகமணி வருவா, திருப்பி அடிப்பான்னு. தலைமுடிய இறுக்கிக் கொண்டை போட்டுத் தயாரா இருந்தேன். வந்தா. உதடு வீங்கி இருக்கு, கையில ஒரு தூக்குச்சட்டி. கச்சாயம்னு ஒரு பலகாரம், வெல்லம் போட்டுச் சுடுவாவளாம். "புள்ளைங்களுக்குக் குடுங்"கறா. அடிச்சவளுக்கு எவளாவது பலகாரம் கொண்டு வருவாளா? மருந்து வச்சிருப்பான்னு சாக்கடைல கொட்டுனேன். அவ முன்னாலயே கொட்டுனேன். அப்பவும் கை நீட்டல, சட்டிய வாங்கிட்டுப் போயிட்டா. ஒரு தரம் திருப்பி அடிச்சிருந்தா யக்கா, சத்தியமாச் சொல்லுதேன், நானும் அவளும் அன்னைக்கே சிநேகமாயிருப்போம். எனக்கு இந்த ஊர்ல ஒருத்தி கிடைச்சிருப்பா.

பிள்ளையளுக்கும் சொல்லித்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனேன். முதல் நாளே யாரையாவது ஒருத்தர அடிச்சிரணும்னு. மகன் சொன்னபடி செஞ்சான். பக்கத்துல இருந்த பையன் காதக் கடிச்சு, தொங்குற அளவுக்குக் கடிச்சுட்டான். ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு விட்டாரு, நான் போயி ஆமா இப்ப என்னான்னு கேட்டேன். அன்னைக்கு அவனுக்குப் புரோட்டா வாங்கிக் குடுத்தேன். அவன் தின்னுக்கிட்டே அழுதான், பிள்ளைதானே. பொறவு அவன்கூட ஒருத்தனும் சேரல. சேராட்டாப் போறானுவ.

பிரியாதான் சொல்பேச்சு கேக்க மாட்டா. பதிமூணு வயசாவுது, ஒருத்திய அடிக்கத் தெரியல. தெனமும் சாயங்காலம் கேப்பேன், இன்னைக்கு யாரையாவது போட்டியான்னு. இல்லம்மாம்பா. நீ அங்க ஒண்ணு குடுக்கலைன்னா இங்க ரெண்டு வாங்குவன்னு சொல்லி வச்சேன். சொன்னா சொன்னதுதான் எனக்கு. தெனம் ரெண்டு. சில நாளு கூடவும் ஆயிருக்கும், யாரு கணக்கு வச்சா. பள்ளிக்கூடத்துல அவள ஒருத்தரும் தொட்டது கிடையாது, அது வேற விசயம். தொட்டுட்டா என்ன செய்ய? அதுக்குத்தானே பழக்கணும்.

இதுக்கு நடுவுல மகன் ஒரு வேல செஞ்சான். டீக்கடைல யார்கிட்டயோ போன் வாங்கி அவங்க அப்பனுக்குப் பேசியிருக்கான். ஒரு ஞாயித்துக்கிழமை அந்த ஆளு வந்து நிக்காரு, தோளு ஒரு பக்கம் எறங்கி, கோணிக்கிட்டு. பேச்சிமுத்து பைய எடுத்துக்கிட்டு அவரு பின்னால போறான். என்னடா, ஒன்னையச் சுவத்துல எறிஞ்ச மனுசன்டான்னேன். அதுக்கு அவன் சொல்லுதான், "அப்பா குடிச்சாத்தான் அடிப்பாரு, குடிச்சுட்டு வந்தா தெரிஞ்சுரும், ஓடிருவேன். நீ எப்ப அடிப்பன்னு தெரியலம்மா"ன்னு. அது எட்டு வயசுப் பிள்ளை பேசுற பேச்சா? அப்பன் சொல்லிக் குடுத்திருக்கான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வெரட்டிப் போனேன். செருப்பக் கழட்டி அந்த ஆள அடிச்சேன், முறிஞ்ச தோள்லயே அடிச்சேன். ஜனங்க சேந்து என்னையப் பிடிச்சுக்கிட்டாவ. பஸ்ஸு போயிருச்சு. பையன் ஜன்னல்ல இருந்து பார்த்தான், கை காட்டல.

அப்பிடிப் பார்க்காதீங்க யக்கா. பெத்த வயிறு எனக்கும் எரியத்தான் செய்யுது.

அதுக்குப் பொறவு எனக்குப் பிரியா ஒருத்திதான். அவளையாவது ஒழுங்கா வளக்கணும்னு இன்னும் கண்டிச்சேன். அவ என்ன செஞ்சான்னா, நான் கம்பெனிக்குப் போயிருக்க நேரமெல்லாம் இந்த வீட்டுக்கு வந்துருக்கா. இந்தா, நீங்க நிக்கீங்கல்லா, இங்கனதான் கனகமணி தையல் மிஷின் போட்டிருந்தா. எம் மகளுக்குத் தைக்கச் சொல்லிக் குடுத்திருக்கா, சோறு போட்டிருக்கா, நான் சாக்கடைல கொட்டுன அந்தக் கச்சாயத்த மறுபடியும் சுட்டுக் குடுத்திருக்கா. எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு நாள் கம்பெனில கரண்டு இல்லன்னு வெள்ளனமே அனுப்பிட்டான். வாறேன், வாசல்லயே சத்தம் கேக்கு. சிரிக்கிற சத்தம். யாரு சிரிக்கான்னு பாக்கேன், பிரியா. கனகமணி மடியில தலைய வச்சுப் படுத்திருக்கா, அவ பேன் பார்த்துக்கிட்டு என்னமோ சொல்லுதா, இவ விழுந்து விழுந்து சிரிக்கா. எம் மக சிரிச்சு நான் கேட்டதே இல்ல யக்கா, இந்த ஊருக்கு வந்த பொறவு. நான் பெத்து, நான் அந்த ஆளுகிட்ட இருந்து காப்பாத்தி, ஊரு விட்டுக் கூட்டி வந்து, இவ மடியில படுத்துச் சிரிக்கவா.

தலைமுடியப் பிடிச்சுத் தூக்குனேன். அப்படியே தரதரன்னு இழுத்துட்டு என் வீட்டுக்குள்ள போட்டுக் கதவத் தாப்பாப் போட்டேன். துணிக்கொடிய உயத்துற கம்பு இருந்துச்சு. அதால போட்டேன். முதுகுலதான் போட்டேன், முதுகுல அடிச்சா ஒண்ணும் ஆவாது, நாங்கெல்லாம் வாங்காத அடியா. அவதான் திரும்பிக் கையக் குறுக்க வச்சா. கைய வைக்காதட்டி, கைய எடுடீன்னு சொல்லிக்கிட்டேதான் அடிக்கேன். எடுக்கல. முழங்கைக்குக் கீழ முறிஞ்சிருச்சு. நான் முறிக்கல யக்கா. அவ கையக் குறுக்க வைக்காம இருந்திருந்தா முறிஞ்சே இருக்காது. இதத்தான் அந்த மேடத்துக்கிட்டயும் சொன்னேன், அவங்க எழுதிக்கிட்டாவளா இல்லையான்னு தெரியல.

காம்பவுண்டே வாசல்ல நிக்கு. ஒருத்தி கதவத் தட்டல. கனகமணிதான் குழாயடில கெடந்த அம்மிக்குழவியத் தூக்கிட்டு வந்து தாப்பாள ஒடைச்சா. உள்ள வந்தவ என்னைய ஒரு பார்வை பார்க்கல. பிரியா மேல போயி அப்படியே கவுந்து படுத்துக்கிட்டா. நான் ஓங்குன கையி, நிக்கலையே. அவ முதுகுலயும் விழுந்துச்சு, கழுத்துலயும் விழுந்துச்சு. குழவி பக்கத்துலயே கெடக்கு, எடுத்து என் தலைல ஒண்ணு போட்டிருக்கலாம். போடுடி, போடுடின்னு கத்துதேன். போடல. பிள்ளைய வாரி எடுத்துக்கிட்டு ஆட்டோ ஏறிட்டா. ஆஸ்பத்திரில டாக்டர்கிட்ட உள்ளது உள்ளபடி சொல்லிட்டா. போலீசு வந்துச்சு, கமிட்டி வந்துச்சு, எம் மகளக் கொண்டு போயிட்டாவ.

சும்மா விடுவேனா. எம் மகள என்கிட்ட இருந்து பிரிச்சவ குடும்பம் வெளங்குமான்னு மண்ணை வாரித் தூத்தலாம்னு வாசலுக்கு வாறேன், இந்த ஊர்ல மண்ணு எங்க இருக்கு? எல்லாம் சிமெண்டு. ஓனரம்மா துளசித் தொட்டி ஒண்ணுதான் மண்ணோட இருந்துச்சு. செடியப் பிடுங்கி எறிஞ்சுட்டு ரெண்டு கையாலயும் மண்ணை அள்ளி, இந்த வாசல்ல, இந்தா இதே படியில, தூத்துனேன். அதுக்கும் ஆத்திரம் அடங்கல. உள்ள புகுந்து அந்தத் தையல் மிஷினத் தூக்கி வாசல்ல போட்டேன். சக்கரம் தனியா ஓடிருச்சு. கனகமணி புருசன் வந்து கும்புட்டான், நாங்க போயிருதோம் தாயின்னான். அந்த வாரமே காலி பண்ணிட்டாவ. போகும்போது அவ எங்கிட்ட வந்து, "அவளுக்குக் கை வலிச்சா வெந்நித் துணி வெச்சுக் குடுங்க்கா"ன்னா. பேசுனா அழுதுருவேன்னு நான் குடத்தத் தூக்கிக்கிட்டுக் குழாயடிக்குப் போயிட்டேன்.

துடைப்பத்தக் குடுங்க, நான் பெருக்குதேன். நேத்து இந்த வீட்டக் கழுவி விட்டது யாருன்னு நெனைக்கீங்க? ஓனரம்மா ஆள் வருதுன்னு போன்ல சொன்ன ஒடனே நானே சாவிய வாங்கி, கழுவி, கோலமும் போட்டேன். ஏன்னு கேளுங்க. நான் ஹோமுக்குப் போயி பிரியாவப் பார்த்தேன். கையில மாவுக்கட்டு. வாடி போவோம்னேன். "பக்கத்து வீட்ல கனகமணிக்கா இருக்காங்களா"ன்னா. அவ போயிட்டான்னேன். "வேற யாராச்சும் வந்திருக்காங்களா"ன்னா. இல்ல, பூட்டிக் கெடக்குன்னேன். "அப்ப வரலம்மா"ன்னுட்டா. அழல, ஒண்ணுமில்ல, உள்ள போயிட்டா. மேடமும் அதத்தான் சொன்னாவ. பக்கத்துல பொறுப்பா ஒரு ஆள் வரட்டும், அவங்களப் பார்த்துப் பேசிட்டு முடிவு பண்ணலாம், இல்லேன்னா பதினெட்டு வயசு வரைக்கும் அங்கதான்னாவ. அன்னைல இருந்து இந்தப் பூட்டப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். ரெண்டு குடும்பம் வந்து பார்த்துச்சு, குழாயடில இவளுவ என்னமோ ஓதி விட்டாளுவ, ஓடிட்டாவ. ஒங்ககிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலையா? நல்லதாப் போச்சு.

இன்னைக்கு வண்டில இருந்து ஒங்க பாயையும் தலகாணியையும் எறக்குறதப் பார்த்ததும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு யக்கா. சும்மா சொல்லல. பக்கத்து வீட்டுக்கு ஆள் வந்தாச்சு, எம் மக வந்துருவா.

பயப்படாதீங்க. நான் இப்ப ரொம்ப மாறிட்டேன். மேடம் சொன்னாவ, கோவம் வந்தா மூச்ச இழுத்து விடணும்னு. விடுதேன். நீங்க வேணா பாருங்க, இந்தக் காம்பவுண்டுல ஒங்களுக்கு ஒரு கொறை வராது. புது ஊருக்குப் பிள்ளையளோட வந்திருக்கீங்க, ஒருத்தி ஒங்கள ஒரு சொல்லு சொன்னா அவ கொடல உருவிருவேன். பாப்பாவ என்கூட விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் கம்பெனிக்குப் போங்க, நான் பார்த்துக்கிடுதேன்.

வந்துட்டா பாருங்க, பழகிட்டா. வாடி தங்கம், மடியில உக்காரு. பால்வாடிக்குப் போவியா? போன ஒடனே என்ன செய்யணும்? எவனாவது பொம்மையப் பிடுங்குனா பளார்னு ஒண்ணு வைக்கணும், என்ன? எங்க, என்னைய அடி பார்ப்போம். அடி, இந்தா கன்னம். அது அடியா? ஈ ஒக்காந்த மாதிரி இருக்கு. நல்லாக் கைய ஓங்கி. ஒங்கம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாவ. சும்மா வெளையாட்டு யக்கா, விடுங்க, பிள்ளை தைரியமா வளரட்டும். ஓங்கு. ம், ஓங்கி

ஏ செத்த மூதி.

ஐயோ. இங்க வா, அழாத, இங்க வா தங்கம். எங் கண்ணுல பாப்பா விரல் பட்டுருச்சு யக்கா, அதான் கை தானாப் போயிருச்சு. லேசாத்தான் பட்டுச்சு. அவளா பல்லுல கடிச்சுக்கிட்டா உதட்ட, அதான் ரத்தம். தாங்க, நான் துடைச்சு விடுதேன். பிள்ளைய ஏன் பறிக்கீங்க, நான் என்ன திங்கவா போறேன். யக்கா. எங்க போறீங்க. கதவ ஏன் சாத்துதீங்க.

யக்கா, கதவத் தொறங்க.

நான் வெளியதான் நிக்கேன். உள்ள வரமாட்டேன். தொறங்க. ஏட்டி, தொறக்கப் போறியா, ஒரே மிதில கதவப் பேத்துருவேன், எனக்குக் கதவு ஒரு பெரிய

இல்ல. இல்ல யக்கா. மூச்ச இழுத்து விடுதேன், பாருங்க. விட்டுட்டேன்.

போன் பேசுதீங்களா? ஒங்க வீட்டுக்காரருக்கா? வண்டியத் திருப்பச் சொல்லாதீங்க. ஒங்க காலப் பிடிச்சுக் கேக்கேன். பாப்பா அடிச்ச மாதிரி நீங்களும் வந்து என்னைய ஒண்ணு அடிச்சிருங்க, செருப்பால வேணாலும் அடிங்க, திருப்பிக் கை நீட்ட மாட்டேன். சரியாப் போவும். வியாழக்கிழமை மேடம் கேட்டா என்னைய நல்லவன்னு சொல்ல வேண்டாம். ஒண்ணுமே சொல்ல வேண்டாம். நீங்க இந்த வீட்ல இருந்தாப் போதும், அவ வந்துருவா. எனக்காகக் கதவத் தொறக்க வேண்டாம் யக்கா, பூட்டிக்கிட்டே இருங்க. எம் மக ஓடி வந்து தட்டுனா மட்டும் தொறந்து விட்டுருவீங்கல்லா?